எதிர்க் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர்

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லோரும் பட்டன் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் செல்போன். பட்டன் வைத்த போன்தான் போன், கண்ணாடியைத் தடவுவதெல்லாம் இரண்டு வருஷக் கூத்து என்று வேலையில் இருந்த காலத்தில் மேடையேறிச் சொன்னவர் அவர். கூத்து வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது. பெயர் மட்டும் அவரோடு நின்றுவிட்டது. அவரும் அதற்காக யாரிடமும் சண்டை போட்டதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். அந்த வயதில் அதுவே பெரிய விஷயம்.

இப்போது அவர் பார்க்கும் வேலை, மனைவியைப் பார்த்துக்கொள்வது. அந்த அம்மாளுக்கு மறதி நோய். காலையில் எழுந்ததும் டயப்பர் மாற்ற வேண்டும். முதுகைத் திருப்பிப் பார்த்து, எங்காவது சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பல் செட்டைக் கழுவ வேண்டும். மாத்திரையை நசுக்கிக் குழைத்துக் கொடுக்க வேண்டும். பகலில் ஏஜென்சியிலிருந்து ஒரு சிஸ்டர் வருவார். வாயும் ஓயாது, கை வேலையும் ஓயாது. சிஸ்டர் போன பிறகு மறுநாள் அவர் வரும்வரை எல்லாம் பட்டன் சார்தான். முதுகுவலிக்கு ஒரு பெல்ட் கட்டியிருப்பார். அது இடுப்பில் நிற்காமல் வயிற்றுக்கு ஏறிவிடும். கீழே இழுத்துவிட்டுக்கொள்வதே அவருக்கு ஒரு பழக்கமாகிப் போயிருந்தது.

கதைக்கு வேண்டிய பழைய விஷயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் செல்போன் என்றால் இரண்டே கம்பெனிகள். ஜனங்கள் அட்டைப்பெட்டியின் நிறத்தை வைத்து ஒன்றை நீலம் என்றார்கள், மற்றதைச் சிவப்பு என்றார்கள். நீலத்தில் விற்பனை ஆட்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கும் தலைமை ஆளாக இருந்தவர் பட்டன் சார். சிவப்பில் சோதனைக்கூடத்தின் தலைவி அந்த அம்மாள். போனைக் கீழே போடுவது, தண்ணீரில் முக்குவது, சூட்டில் வைப்பது, ஒரே இடத்தை லட்சம் தடவை அழுத்துவது, எப்போது உடைகிறது என்று பார்ப்பது. சம்பளம் கொடுத்து உடைக்கச் சொன்னார்கள், அவளும் சிரத்தையாக உடைத்தாள்.

இரண்டு பேரும் சந்தித்தது ஒரு கண்காட்சியில். எதிரெதிர் ஸ்டால். இவர் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தபோது அவள் சாவகாசமாக நடந்து வந்து, புது மாடல் ஒன்றை எடுத்துப் பார்த்து, அப்படியே தரையில் விட்டாள். கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல்.

"அடடா, கை தவறிடுச்சு சார்."

"தவறின மாதிரி தெரியலையே மேடம். குறி வச்ச மாதிரி இருக்கு."

"மூலை கொஞ்சம் வீக். உங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்க."

அந்த மூலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர்கள் கல்யாணத்தில் வந்து நின்றார்கள். இரண்டு கம்பெனியிலும் மேலதிகாரிகள் கூப்பிட்டு எச்சரித்தார்கள். ஒரு வார்த்தை கசிந்தாலும் வேலை போகும், வழக்கும் வரும் என்றார்கள். அதனால் இரண்டு பேரும் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆபீஸையும் கழற்றிவிட வேண்டும். உள்ளே வந்தால் பால், வாடகை, பையன் படிப்பு, யாருக்கு ஜலதோஷம், அவ்வளவுதான் பேச்சு. ஆபீஸ் போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்ப் பேச வேண்டும்.

சட்டம் வாய்க்குத்தான், துணிக்கு இல்லை. கம்பெனிகள் வருஷா வருஷம் டீ ஷர்ட்டாகக் கொடுத்துக் குவித்தன. அவள் நீல டீ ஷர்ட்டால் மேஜை துடைப்பாள். அவர் சிவப்பு டீ ஷர்ட்டால் குளியலறைத் தரை துடைப்பார். ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்டுக்கொண்டதில்லை.

பத்துப் பேர் சட்டைப்பையில் கைவிட்டால் ஏழு நீலம் அகப்பட்ட காலம் அது. அப்புறம் சிவப்பு, பட்டனே இல்லாத போனைக் கொண்டுவந்தது. பையன் ஐந்தாம் வகுப்பில் இருந்து பத்தாம் வகுப்புக்குப் போவதற்குள் நீலம் தேடினாலும் கிடைக்காமல் போயிற்று. பட்டன் சாரின் கடைசி வேலை, பயிற்சி மண்டபத்து நாற்காலிகளை எண்ணி லாரியில் ஏற்றிவிட்டதுதான். அதன்பிறகு சில வருஷம் சிவப்புதான் ராஜா. அவள் ஜெயித்த முகத்தையும் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். பிறகு எங்கிருந்தோ மூன்றாவதாக ஒரு கம்பெனி வந்தது. சிவப்பும் அதே வழியில் போயிற்று. அவளுடைய சோதனைக்கூடத்தை யாரோ மொத்தமாக வாங்கி, மறுபடி பிரித்து விற்றார்கள். பையன் இப்போது இருப்பது அந்த மூன்றாவது கம்பெனியில், வெளியூரில்.

"நீங்க ரெண்டு பேரும் மல்லுக்கட்டினீங்க, நாங்க நடுவுல புகுந்து கடையைப் போட்டுட்டோம்" என்று சேர்ந்த புதிதில் சிரித்துக்கொண்டே சொன்னான். இப்போதெல்லாம் அந்தச் சிரிப்பு இல்லை.

நோய் வந்த பிறகு அவள் வாய்க்குப் போட்டிருந்த பூட்டு கழன்றுவிட்டது. இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த ஆபீஸ் எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் கொட்ட ஆரம்பித்தது. எந்த மாடலில் ஒட்டு விட்டது, எந்தச் சோதனையை மேலே இருப்பவர்கள் மறைக்கச் சொன்னார்கள், எல்லாம்.

"சார், அம்மா ஏதோ பேட்டரி சூடாகுது, உடனே நிறுத்துங்கன்னு கத்துறாங்க. எந்த பேட்டரி?" என்று சிஸ்டர் ஓடி வந்தார் ஒரு நாள்.

"இருபது வருஷத்துக்கு முந்தின பேட்டரிம்மா. அது இந்நேரம் ஆறியிருக்கும்."

முதலில் அவருக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் இதில் ஒரு வரி தெரிந்திருந்தால் நீலத்தில் அவரைத் தோளில் தூக்கி வைத்து ஆடியிருப்பார்கள். இப்போது கேட்க ஆளில்லாத ரகசியம். கஞ்சியை ஊட்டிக்கொண்டே கேட்டார்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாள்தான் இதுவும் வெளியே வந்தது. அவர் மேடையேறி, கண்ணாடி போன் இரண்டு வருஷக் கூத்து என்று முழங்கினாரே, அந்த மாதம் பட்டனில்லாத போன் அவள் மேஜையில் எல்லாச் சோதனையும் முடித்து உட்கார்ந்திருந்தது. அன்று அவர் கைதட்டல் காதில் ஒலிக்க வீட்டுக்கு வந்தார். அவளிடம் விஷயம் சொல்லக் கூடாது என்பதால் சும்மா சிரித்துக்கொண்டே இருந்தார். அவள் தட்டு வைத்து, "வர்ற வழியில மழையா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். குழி வெட்டியிருந்தது அவளுக்குத் தெரியும். புருஷன் அதை நோக்கிக் கைவீசிக்கொண்டு நடப்பதும் தெரியும். பேசாமல் சோறு போட்டாள்.

அன்றிலிருந்து அவருக்கு உள்ளே ஒன்று உறைந்துவிட்டது. செய்ய வேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. துடைத்தார், திருப்பினார், ஊட்டினார். பேச்சுதான் குறைந்தது. "இந்தா", "வாயைத் திற", "காலைத் தூக்கு". கட்டிலையும் மேஜையையும் துடைக்கிற மாதிரி அவளையும் சுத்தமாக வைத்திருந்தார்.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

அவளுக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் கண்டிருந்தது. படுக்கையிலேயே இருக்கும் பெண்களுக்கு இது அடிக்கடி வரும். டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு, மாத்திரையைவிடத் தண்ணீர் முக்கியம் என்று சொல்லியிருந்தார். முதல் நாள் ஏதோ குடித்தாள். மறுநாள் காலை உதட்டை ஒட்டிக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டால் கூடாரம் மாதிரி நின்றது. டயப்பரோ காய்ந்து கிடந்தது.

அன்று பார்த்து அவர் போட்டிருந்தது ஒரு பழைய நீல டீ ஷர்ட். துவைத்தது ஒன்றும் காயவில்லை. தம்ளரோடு அருகில் போனதும் அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நீ அந்த ஸ்டால்காரன்தானே?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமா. நான்தான். தண்ணி குடி."

"நீலத்துக்காரனுக்கு என் லேப்ல என்ன வேலை? யாரு உள்ள விட்டா?"

தம்ளரைத் தட்டிவிட்டாள். தண்ணீர் முழுக்க அவர் வயிற்றுப் பெல்ட்டில் விழுந்தது. சிஸ்டர் வந்து முயன்றார். ஏஜென்சி கொடுத்திருந்த கோட்டும் வெளிர் நீலம். "நீயும் அவன் கூட வந்தவதானே" என்றாள். சிஸ்டர் கோட்டைக் கழற்றினார், அவரும் டீ ஷர்ட்டைக் கழற்றி பனியனோடு நின்றார். அவர்கள் முகத்தை அப்போதைக்கு மனசில் பதித்துக்கொண்டுவிட்டாள். இனி துணியை மாற்றி என்ன பிரயோஜனம்?

டாக்டரைப் போனில் பிடித்தார்கள்.

"சாயங்காலம் வரைக்கும் பாருங்க. உள்ள எதுவும் போகலைன்னா அட்மிட் பண்ணிடுங்க, ட்ரிப்ஸ் ஏத்திடலாம்."

பட்டன் சார் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். போன தடவை ஆஸ்பத்திரியில் ஊசியைப் பிடுங்குகிறாள் என்று இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு துணிபோட்டுக் கட்டிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, ஒரு வார்டுக்கு ஒரே ஒரு நர்ஸ். ஆனால் போகும்போது வாக்கரைப் பிடித்து நடந்து போனவள், வரும்போது தூக்கிக்கொண்டு வரும்படி ஆகிவிட்டாள். மணிக்கட்டில் தடம் மறைய வெகுநாள் ஆயிற்று. இன்னொரு தடவை கட்டினால் எதை மறந்துவிட்டு வருவாள்? முழுங்குவதையா?

"அம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிப் பாருங்களேன் சார்" என்றார் சிஸ்டர்.

அவர் போய்ச் சொன்னார். பயிற்சி கொடுத்த குரல், தெளிவாகவே சொன்னார். "இது லேப் இல்ல, நம்ம வீடு. உங்க சிவப்பு கம்பெனியை மூடியாச்சு. லேபையும் வித்தாச்சு. இப்போ தண்ணி குடி."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு முகம் கோணியது.

"மூடிட்டாங்களா? என் பசங்க? என் பசங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

இருபது வருஷத்துக்கு முன் அவளுக்குக் கீழே வேலை பார்த்த பையன்கள். ஒவ்வொருத்தனாக நினைத்து விசித்து விசித்து அழுதாள்.

"போதும் சார், வெளிய வாங்க" என்று சிஸ்டர் கையைப் பிடித்து இழுத்தார். "இருக்குற தண்ணியும் கண்ணு வழியா போகுது!"

"நீதானேம்மா சொல்லச் சொன்ன?"

"நான் பொதுவா சொன்னேன். நீங்க கடையை இழுத்துச் சாத்திப் பூட்டுப் போட்ட மாதிரி சொன்னா?"

அழுததை அவள் மறந்த பிறகு சிஸ்டருக்கு இன்னொரு யோசனை வந்தது. சிவப்பு ஆள் மாதிரியே வேஷம் கட்டிப் போகலாம். சிவப்பு டீ ஷர்ட் தேடினார்கள். வீட்டில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது குளியலறை மூலையில் குச்சியில் சுற்றிக் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு போக அவராலும் முடியாது, மோந்து பார்க்க அவளாலும் முடியாது. அலமாரியில் அவளுடைய பழைய அடையாள அட்டை அகப்பட்டது. சிவப்புப் பட்டையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு, படம் இருக்கும் பக்கத்தை உள்ளே திருப்பி வைத்துக்கொண்டார்.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். எந்தப் பட்டையைப் பார்த்தாலே எரிச்சல் வருமோ, அது கழுத்தில் தொங்கியது.

"நல்லாத்தான் சார் இருக்கு."

"சும்மா இரும்மா."

உள்ளே போனார். பட்டையைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது. தலையணையில் கொஞ்சம் எழும்பினாள். சிஸ்டர் கதவருகே நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"கார்டைத் திருப்புங்க" என்றாள்.

சோதனைக்கூடத்துக்குள் வரும் எவனையும், முதலாளியே ஆனாலும், கார்டைப் பார்க்காமல் விடாதவள். அந்தப் பழக்கம் எங்கே போகும்? அவர் தயங்கினார். அவள் கையை நீட்டிப் பட்டையை இழுத்துத் திருப்பினாள். அவளுடைய முகமே அவளைப் பார்த்தது.

"யோவ்! இது என் கார்டு!"

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவரை அவள் "யோவ்" என்றது அதுதான் முதல் தடவை.

"ஸ்டால்ல கூவினது பத்தாதுன்னு திருட வேற ஆரம்பிச்சிட்டியா? செக்யூரிட்டி! செக்யூரிட்டி!"

வேறு யாரும் இல்லாததால் சிஸ்டரே செக்யூரிட்டி ஆக வேண்டியதாயிற்று. "வாங்க சார் வெளிய, வாங்க" என்று தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார். "வெளி கேட் வரைக்கும் கொண்டு விட்டுட்டு வா!" என்று உள்ளே இருந்து உத்தரவு வந்தது. கேட்டுக்கொண்டே இருப்பாள் என்பதால் வாசற்கதவைத் திறந்து சத்தமாகச் சாத்தவும் வேண்டியிருந்தது.

பட்டன் சார் தன் வீட்டுக்கு வெளியே, மாடிப்படியில், பனியனும் பெல்ட்டும் திருட்டுக் கார்டுமாக உட்கார்ந்தார். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தார், பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தாண்டிப் போனார். எழுந்து எதையும் செய்யவேண்டாம், இப்படியே உட்கார்ந்திருக்கலாம் என்றிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தால் வரட்டும். கட்டினால் கட்டட்டும். நான் மட்டும் என்ன செய்ய? அப்படி நினைத்ததற்காக அவருக்கு வெட்கம்கூட வரவில்லை. வெட்கப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

பையன் போன் செய்தான்.

"அப்பா, அம்மா குடிச்சாங்களா?"

"இல்லடா. என்னை வெளிய தள்ளிட்டா."

"அய்யோ" என்றான். "இங்கயும் அதான் நடக்குது. ஒவ்வொருத்தரா ரூமுக்குக் கூப்பிடறாங்க. எங்க மாடியில பாதி நாற்காலி காலி."

"உன் நாற்காலி?"

"இப்போதைக்கு என் கீழதான் இருக்கு." பிறகு கேட்டான்: "நீலத்தை விட்டுட்டு வந்தப்போ உங்களுக்கு எப்படிப்பா இருந்துச்சு? நீங்க சொன்னதே இல்ல."

"நான் எங்கடா விட்டேன்? அதுதான் என்னை விட்டுச்சு. நான் இன்னும்…"

முடிக்கவில்லை. இன்னும் நீலத்தில்தான் இருக்கிறேன் என்று வாய்வரை வந்தது. அது உண்மை என்று அவருக்கே அப்போதுதான் பட்டது. மூடிய கடைக்கு இத்தனை வருஷமாக ஆள் அவர் ஒருவர்தான். அவள் அப்படியொன்றும் உளறவில்லை. நீலத்துக்காரன் வந்து நிற்கிறான் என்றாள். நின்றது நீலத்துக்காரன்தானே?

"அப்புறம் பேசறேன்டா. இங்க ஒரு வேலைக்குப் போகணும்" என்று போனை வைத்தார்.

உள்ளே வந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். முகம் கழுவித் தலை சீவினார். கார்டை அலமாரியில் வைத்தார். "இப்போ என்ன சார் வேஷம்?" என்று சிஸ்டர் கேட்டார். "வேஷம் இல்ல" என்றார். சாத்தியிருந்த கதவை இரண்டு தட்டுத் தட்டினார். சொந்தப் படுக்கையறைக் கதவு.

"உள்ள வரலாமா மேடம்?"

"யாரு?"

"வேலை கேட்டு வந்திருக்கேன்."

"வாங்க. உக்காருங்க." சோர்ந்திருந்தாலும் குரலில் ஒரு மிடுக்கு. "இப்போ எங்க இருக்கீங்க?"

"நீலத்துல."

சிஸ்டர் கதவுக்கு வெளியே தலையில் கையை வைத்துக்கொண்டார். கட்டிலில் இருந்தவள் கார்டு திருடியவனை அதற்குள் மறந்திருந்தாள், பதறவில்லை. திருட்டுத்தனமாக வந்தால்தான் செக்யூரிட்டி. நேராக வந்து இன்ன இடத்திலிருந்து வருகிறேன் என்று சொல்கிறவனிடம் கேள்வி கேட்பதுதான் முறை.

"அங்க என்ன பண்றீங்க?"

"விக்கிறவங்களுக்குப் பாடம் எடுக்கறேன்."

"ஏன் விட்டுட்டு வர்றீங்க?"

வேலையில் இருந்தபோது இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அவரே நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். புதிய சவால், வளர்ச்சி, அனுபவம். ஒன்றும் நாக்கில் வரவில்லை.

"தோத்துட்டோம் மேடம்" என்றார்.

இதற்கு முன் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. விலை தப்பாகிவிட்டது, நேரம் சரியில்லை, மேலே இருந்தவன் கெடுத்தான், இப்படி எத்தனையோ சொல்லியிருக்கிறார்.

"எப்படி? இப்போ நீங்கதானே முதல் இடத்துல இருக்கீங்க?"

"முதல் இடத்துல இருக்கறப்பவே தோத்துட்டோம். உள்ள யாரும் சொல்லலை. சொல்ல வேண்டிய ஆளு நான். நானே மேடை ஏறி நின்னு வேற மாதிரி பேசிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. அதைக் கேட்டு நானும் நம்பிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். யாருக்கோ கேட்டுவிடும் என்பது போல் குரலைத் தாழ்த்தினாள்.

"நாங்களும் ஒரு நாளைக்கு அப்படித்தான் ஆவோம். இவங்க ஆடற ஆட்டத்தைப் பாத்தாலே தெரியுது. என் டேபிளுக்கு உடையாத போன்னு ஒண்ணு இதுவரைக்கும் வந்ததில்ல. எத்தனையாவது தட்டுல உடையுதுன்னுதான் பாக்கறோம்."

இதற்குமேல் கேட்கக் கூடாதுதான். வேலை கேட்டு வந்தவன் கேட்கும் கேள்வியா அது? ஆனாலும் கேட்டுவிட்டார்.

"உங்க வீட்டுக்காரர் நீலத்துல இருக்காராமே. பட்டன் இல்லாத போன் வரப்போகுதுன்னு அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்?"

அவள் வறண்ட நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா? அவரு சும்மா இருப்பாரா? நல்லவருதான், ஆனா வாய் நிக்காது. மறுநாளே போய் ஆபீஸ்ல சொல்லுவாரு. பொண்டாட்டி திருடிக் கொடுத்ததை வச்சு ஜெயிச்சவன்னு ஆயிடும். தோத்தாத் தோக்கட்டும்னு விட்டேன். தோத்த மனுஷனோட குடித்தனம் பண்ணிடலாம்."

போர்வையைத் தடவிக்கொண்டே, "அன்னிக்கு ஒரே சிரிப்பா வந்தாரு. எனக்குச் சோறு இறங்கலை" என்றாள்.

பட்டன் சார் பெல்ட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அறைக்கு வெளியே சிஸ்டர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகைக்கெல்லாம் அப்போது நேரமில்லை. அவர் மேஜையில் இருந்த தம்ளரை எடுத்தார்.

"இங்க வைக்காதீங்க!" என்றாள் பதறி. "பெஞ்சு பக்கத்துல தண்ணி கொண்டு வரக் கூடாதுன்னு தெரியாதா? போன்ல ஒரு சொட்டு விழுந்தா சோதனை முழுக்கக் கெட்டுப் போயிடும்."

அவர் தம்ளரைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். காலையிலிருந்து அவள் வாயை ஒட்டிக்கொண்டதற்குப் பாதிக் காரணம் அதுதானோ என்னவோ.

"வேற எங்க மேடம் குடிக்கறது?"

"வெளியதான். வாங்க போவோம். புதுசா சேர்ற ஆளுக்கு முதல் நாள் நான்தான் வாங்கித் தர்றது வழக்கம்."

சேர்த்துக்கொண்டாயிற்று என்று அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சிஸ்டரும் அவரும் இரண்டு பக்கமும் பிடித்து, அவளைச் சக்கர நாற்காலிக்கு மாற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஜன்னல் பக்கம் நிறுத்தினார்கள். நெஞ்சுக்கு ஒரு துண்டு. இரண்டு தம்ளர்.

"நீங்க குடிங்க" என்றாள்.

"நீங்க முதல்ல மேடம்."

"வந்தவரை விட்டுட்டு நான் எப்படிக் குடிப்பேன்? சேர்ந்து குடிப்போம்."

அவர் ஒரு வாய், அவள் ஒரு வாய். அவர் குடித்தால்தான் அவள் குடித்தாள். ஏமாற்ற முடியவில்லை. தம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். புரை ஏறாமலிருக்க அவள் தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, அவசரப்படாமல், முழுங்கியது தொண்டையில் தெரிந்த பிறகே அடுத்த வாய். சிஸ்டர் ஊற்றிக்கொண்டே இருந்தார். நடுவே பட்டன் சார் இரண்டு தடவை பாத்ரூமுக்கு ஓடினார்.

"புது ஆளு அடிக்கடி எழுந்து போறாரே" என்று அவள் சிஸ்டரிடம் குறைப்பட்டாள்.

"வயசாயிடுச்சு மேடம், போகப் போக சரியாயிடும்" என்றார் சிஸ்டர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வெயில் இறங்கும் நேரத்தில் படுக்கையில் கிடத்தி, சிஸ்டர் டயப்பரைத் தொட்டுப் பார்த்தார். மேலே ஒரு தடவை, அடியில் கைவிட்டு ஒரு தடவை.

"சார்! நனைஞ்சிருக்கு! நல்லாவே நனைஞ்சிருக்கு!"

ஒரு பெரிய கம்பெனி புது மாடல் வெளியிட்டபோதுகூட யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். டாக்டருக்குச் சொன்னார்கள். சரி, அட்மிஷன் வேண்டாம், இதே மாதிரி தொடருங்கள் என்றார். இதே மாதிரி என்றால் என்ன மாதிரி என்று அவர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பட்டன் சார் எழுந்தபோது உடம்பு அடித்துப் போட்டது போல் வலித்தது. நேற்றைக்கு நடந்தது நேற்றோடு சரி. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முகம் கழுவி, தலை சீவி, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைத் தட்டினார்.

"யாரு?"

"வேலை கேட்டு வந்திருக்கேன் மேடம்."

"வாங்க. நேத்துகூட ஒருத்தர் வந்தாரு, நீலத்துலேருந்து."

எது தங்கும், எது கரையும் என்று இந்த நோயில் யாராலும் சொல்ல முடியாது. அவர் மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படி ஆளு?"

"பாவம், ரொம்பக் களைச்சுப் போயிருந்தாரு. வேலை பெருசாத் தெரியும்னு சொல்ல முடியாது."

"அப்போ எடுக்கலையா?"

"எடுத்தேன்" என்றாள். "தோத்துட்டோம்னு தானா வந்து சொல்ற ஆளு எங்க கிடைக்கறாங்க? அவரு இன்னிக்கு வந்தா உள்ள அனுப்புங்க."

"சரி மேடம்" என்று பட்டன் சார் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர வேண்டியிருந்தது. "வந்துட்டாரு. வெளிய போய்க் கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டே பேசலாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சக்கர நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பூட்டினார்.